கப்பலில் வரும் பருப்பு: துறைமுகத்தில் நடப்பது என்ன?

சாம்பாருக்குத் துவரம் பருப்பு. இட்லிக்கு உளுந்து. சுண்டலுக்குப் பட்டாணி. இவை எல்லாம் நம் நாட்டுக் காட்டில் விளைந்தவை என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

துவரை, ஆப்பிரிக்காவில் இருந்தும் வருகிறது. மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளின் குடியானவர்கள் அதை விளைவிக்கிறார்கள். உளுந்து, பர்மாவில் இருந்து வருகிறது. (மியான்மர் என்று அந்த நாட்டின் பெயர் மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் கடைக்காரருக்கு அது இன்னும் "பர்மா உளுந்து"தான்!) மஞ்சள் பட்டாணி கனடாவில் இருந்தும் ரஷியாவில் இருந்தும் வருகிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிலோ 30 ரூபாய் விலையில் துவரம் பருப்பு அல்லது "கனடா மஞ்சள் பருப்பு" கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தப் பருப்பின் பெயரிலேயே அதன் ஊர் இருக்கிறது. அது மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. மைசூர்ப் பருப்புக்கும் மைசூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வடக்கே "மசூர்" என்று சொல்வது இங்கே வந்து மைசூர் ஆகிவிட்டது!

உலகத்திலேயே பருப்பு வகைகளை அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதிகமாகச் சாப்பிடும் நாடும் இந்தியா. அதிகமாக வெளிநாட்டில் வாங்கும் நாடும் இந்தியாதான். ஆண்டுக்குச் சுமார் 250 லட்சம் டன் இங்கே விளைகிறது. அது போதவில்லை. 2024-25ஆம் ஆண்டில் மட்டும் 70 லட்சம் டன்னுக்கு மேல் கப்பலில் வந்து இறங்கியது.

குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசைகிற தாய்க்கு ஒரு கேள்வி எழுவது நியாயம். கடல் தாண்டி வரும் இந்தப் பருப்பை யார் சோதிக்கிறார்கள்? எப்படிச் சோதிக்கிறார்கள்?

மூன்று வாசல்கள்

துறைமுகத்தில் இறங்கிய பருப்பு நேரே கடைக்குப் போய்விட முடியாது. அது மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். மூன்று வாசலிலும் மூன்று இலாகாக்கள் நிற்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம்.

முதல் வாசல், சுங்க இலாகா. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது வேலை செய்கிறது. என்ன சரக்கு, எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை, எவ்வளவு வரி என்பதை அது பார்க்கிறது. சரக்கை இறக்குமதி செய்தவர், "பில் ஆஃப் என்ட்ரி" என்ற விவரப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். முன்பெல்லாம் கிளியரிங் ஏஜெண்டுகள் கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் ஆபீசாக ஏறி இறங்குவார்கள். 2016 முதல் எல்லா இலாகாவுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கம்ப்யூட்டர் மூலம் தாக்கல் செய்தால் போதும்.

இரண்டாவது வாசல், தாவர நோய்த் தடுப்பு இலாகா. இது சாப்பிடுகிறவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நம் வயலைப் பற்றிக் கவலைப்படுகிறது! பருப்போடு சேர்ந்து வெளிநாட்டு வண்டு வருகிறதா, களை விதை வருகிறதா, பயிர் நோய் வருகிறதா என்று பார்ப்பதே இதன் வேலை. இதற்கு ஆதாரமான சட்டம் 1914ஆம் ஆண்டில், வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2003இல் விரிவான உத்தரவு ஒன்றை மத்திய சர்க்கார் போட்டது. சரக்கை அனுப்பும் நாட்டின் அதிகாரிகள், "இதில் பூச்சி இல்லை, நோய் இல்லை" என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் ஒரு மூட்டைகூட உள்ளே வரக் கூடாது.

மூன்றாவது வாசல்தான் வயிற்றைப் பற்றியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த ஆணையத்தின் அதிகாரிகள் அங்கே இருக்கிறார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இவர்களுக்கு ஆபீஸ் உண்டு. இறக்குமதி உணவுக்கென்றே 2017இல் தனி விதிகள் வந்தன.

குத்தூசியும் இரண்டு பொட்டலமும்

உணவு அதிகாரி முதலில் காகிதங்களைப் பார்க்கிறார். பிறகு சரக்கை நேரில் பார்க்கிறார். பிறகு மாதிரி எடுக்கிறார். அரிசிக் கடையில் மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இங்கும். சரக்கில் பல இடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்கிறார்கள். பிறகு அதை இரண்டு பங்காக்கிச் சீல் வைக்கிறார்கள்.

ஒரு பங்கு சோதனைச்சாலைக்குப் போகிறது. மற்றொன்று பத்திரமாக வைக்கப்படுகிறது. எதற்காக? முதல் சோதனையில் சரக்கு தவறிவிட்டால், "முடிவு சரியில்லை" என்று இறக்குமதி செய்தவர் அப்பீல் செய்யலாம். அப்போது இரண்டாவது பங்கு வேறொரு பெரிய சோதனைச்சாலைக்குப் போகும்.

சோதனைச்சாலை 5 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தேறிவிட்டால் தடையில்லாச் சான்று கிடைக்கும். தவறிவிட்டால் இரண்டே வழிதான். சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையேல் அழிக்க வேண்டும்.

சோதனைச்சாலையில் எதைப் பார்க்கிறார்கள்? ஈரம் எவ்வளவு? கல், மண் எவ்வளவு? வண்டு துளைத்த பருப்பு எத்தனை? இவை வீட்டுப் பெண்கள் முறத்தில் போட்டுப் பார்ப்பதுதான்! ஆனால் முறத்தில் தெரியாத சங்கதிகளும் உண்டு. வண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பருப்பைப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தாலும், அந்த வண்டு விட்டுப்போன கழிவில் உள்ள யூரிக் அமிலம் காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்தில் கிடந்த தானியத்தில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும். சமைத்தாலும் அது முழுக்கப் போகாது. அதையும் அளந்து பார்க்கிறார்கள். வயலில் தெளித்த மருந்து மிச்சம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். துவரம் பருப்பைப் போலவே தோன்றும் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை நாள்தோறும் பெருமளவில் தின்றால் கால்கள் முடங்கிப்போகும்.

வாசலில் காவல் ஏன்?

"பருப்பில் நாலு களை விதை இருந்தால் என்ன குடி முழுகிப்போகும்?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. அது பார்த்தீனியம்!

வெள்ளைப் பூ பூக்கும் இந்தச் செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1950களின் நடுவில் பூனா நகரில் இதைக் கண்டார்கள். பிறகு தேசம் முழுவதும் பரவிவிட்டது. தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தத்தை மூச்சில் இழுத்தால் சிலருக்கு இரைப்பு வரும். மாடுகூட இதைத் தின்னாது.

அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ்க் கொடுத்த கோதுமையோடு இது வந்தது என்பது ஊரெங்கும் சொல்லப்படும் கதை. அந்த ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. ஆனால் செடி பூனாவில் தென்பட்டது 1955இல்! 1951இலேயே அமெரிக்கக் கோதுமை கடனாக வந்தது, அதில் வந்திருக்கலாம். அதற்கும் முன்பே இங்கே இருந்தது என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. எந்தக் கப்பலில் வந்தது என்ற வழக்கு இருக்கட்டும். நுழைந்த பிறகு அதைத் துரத்த முடியவில்லை. இதுதான் விஷயம். உண்ணும் பருப்பு கெட்டிருந்தால் அந்த மூட்டையோடு போகும். களையோ வண்டோ நுழைந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகாது.

புகை போட்டது யார்?

இந்தப் பயத்தினால்தான் 2003 உத்தரவு கடுமையான ஒரு நிபந்தனை விதித்தது. பருப்பு வகைகளைக் கப்பலில் ஏற்றும் முன்பே, அந்த நாட்டிலேயே, மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டு வண்டைக் கொன்றுவிட வேண்டும் என்பதே அது.

கனடா நாடு மறுப்புத் தெரிவித்தது. அது சொன்ன காரணங்கள் இவை: பருப்பு விளையும் சஸ்காச்செவன் மாகாணத்தில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை குளிர் போகும். அந்தக் குளிரில் வண்டு எங்கே பிழைக்கும்? குளிர்ந்த இடத்தில் அந்தப் புகையும் சரியாக வேலை செய்யாது. அத்துடன், மெத்தில் புரோமைடு ஆகாயத்தில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது. 1987இல் மான்ட்ரீல் நகரில் உண்டான உலக ஒப்பந்தத்தின்படி, பணக்கார நாடுகள் 2005க்குள் அதன் பொது உபயோகத்தை நிறுத்த ஒப்புக்கொண்டன. இத்தகைய ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் விலக்கு உண்டு.

வண்டைக் கொல்ல வானத்தைத் துளைப்பதா என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. "எங்கள் வயலுக்கு வண்டு வந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று இந்தியா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

முடிவு என்ன ஆயிற்று? முடிவே ஆகவில்லை! "இந்தத் தடவை மட்டும் இங்கே வந்த பிறகு புகை போட்டுக்கொள்ளலாம்" என்று விலக்குக் கொடுத்தார்கள். தவணை முடியும்போது மறுபடியும் விலக்கு. 2004இல் தொடங்கிய இந்த விலக்கு, பெரும்பாலும் ஆறு ஆறு மாதமாக 2017 வரை நீண்டுகொண்டே போனது! அதன் பிறகு, வெளிநாட்டில் புகை போடாத சரக்குக்குச் சோதனைக் கட்டணத்தைப் பல மடங்காக வாங்கிக்கொண்டு இங்கே புகை போட அனுமதித்தார்கள். பிறகும் அவ்வப்போது தளர்வுகள் வந்தன.

இதில் ஒரு வேடிக்கை. நச்சுப் புகை கனடாவில் போட்டாலும் அதே ஆகாயம்தான். சென்னையில் போட்டாலும் அதே ஆகாயம்தான். ஓசோன் படலத்துக்கு லாபம் ஏதும் இல்லை! வண்டு கொல்லப்படும் இடம் மட்டும் நம் நாட்டு எல்லைக்குள் வந்துவிட்டது. "எல்லைக்கு வெளியிலேயே கொல்ல வேண்டும்" என்பதற்காகப் போட்ட விதி, கடைசியில் ஒரு கட்டணமாகச் சுருங்கிப்போனது. விதி சரி என்றால் விலக்குக் கொடுத்திருக்கக் கூடாது. தவறு என்றால் விதியை மாற்றியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் பத்து வருஷத்துக்கு மேல் தவணை சொன்னது எந்த ரகம் என்பதை வாசகர்களே சொல்லலாம்.

அளவே இல்லாத மருந்து

வண்டுக்கு இத்தனை வாதம் நடந்த காலத்தில், வயிற்றுக்குப் போகும் ஒரு மருந்தைப் பற்றி யாரும் அளவு குறித்து வைக்கவில்லை.

அந்த மருந்தின் பெயர் கிளைபோசேட். இது களைக்கொல்லி. கனடாவில் அறுவடைக்கு முன்னால் சில விவசாயிகள் இதைப் பயிரின் மேலேயே தெளிக்கிறார்கள். பச்சையாக நிற்கும் களையைக் கொல்ல இது உதவுகிறது. பனிக்காலம் வரும் முன் அறுவடையை முடிக்க வேண்டுமே! அப்படித் தெளிக்கும்போது, கொஞ்சம் மருந்து பருப்பிலும் தங்கிவிடுகிறது.

2015இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இந்த மருந்து "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற பட்டியலில் இதைச் சேர்த்தது. மறு ஆண்டே அதே ஸ்தாபனமும் ஐ.நா. உணவு ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு வேறு விதமாகச் சொன்னது. "உணவு மூலம் உடலில் சேரும் அளவினால் புற்றுநோய் வர வாய்ப்பில்லை" என்பது அந்தக் குழுவின் கருத்து. ஒன்று மருந்தின் குணத்தைப் பார்த்தது. மற்றொன்று சாப்பாட்டில் சேரும் அளவைப் பார்த்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் சண்டை போடுகிறார்கள்.

இந்தியாவில் என்ன நிலை? பருப்பில் இந்த மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று 2018 வரை இங்கே அளவே குறிக்கப்படவில்லை. அளவு இல்லை என்றால் எதை வைத்துச் சரக்கைத் தள்ளுவது? எதை வைத்து ஏற்பது? பருப்பில் மருந்து இருப்பதாகப் புகார் கிளம்பியதும், 2018 அக்டோபரில் உணவு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. உலக நாடுகள் சேர்ந்து வகுத்த உணவு அளவுகளையே இங்கும் பின்பற்றலாம் என்பது அந்த உத்தரவு. மைசூர்ப் பருப்புக்கு அந்த அளவு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். அதாவது ஒரு டன் பருப்பில் 5 கிராம்.

இது சொற்பம்தான். பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இங்கே ஏழைக் குடும்பத்துக்குப் பருப்புதான் இறைச்சி, பருப்புதான் முட்டை. காலையில் சாம்பார், இரவில் பருப்புக் குழம்பு என்று வருஷம் முழுவதும் சாப்பிடுகிற குழந்தைக்கு எவ்வளவு சேருகிறது என்று இங்கே, இந்த நாட்டுத் தட்டை வைத்தே கணக்குப் போட வேண்டாமா? வெளியில் தயாராக இருந்த அளவை எடுத்துக்கொண்டது அவசரத்துக்குச் சரி. அதையே நிரந்தரமாக்கிவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார், கிளைபோசேட்டை இந்தியாவில் விவசாயிகள் தாங்களே தெளிக்கக் கூடாது, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமே தெளிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து என்று காரணம் சொன்னது. இந்திய விவசாயிக்கு ஒரு நியாயம், கப்பலில் வரும் பருப்புக்கு ஒரு நியாயமா என்று விவசாயிகள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

விலை ஏறினால் வாசல் திறக்கும்

2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போனது பலருக்கு நினைவு இருக்கும். சாம்பார் ரசமாக மாறிய காலம் அது! அப்போது எங்கிருந்தாவது பருப்பு வந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டு வருஷத்தில் நிலைமை தலைகீழ். இங்கே விளைச்சல் பெருகியது; விலை விழுந்தது; விவசாயிகள் தவித்தார்கள். 2017 நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவிகித வரி போட்டார்கள். டிசம்பரில் மைசூர்ப் பருப்புக்கும் கடலைக்கும் 30 சதவிகிதம். பிறகு விலை ஏறியது. 2021இல் மைசூர்ப் பருப்புக்கு அடிப்படை வரி நீங்கியது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணி வரி இல்லாமல் வரலாம் என்றார்கள். கப்பல் கப்பலாக வந்து குவிந்தது. உள்நாட்டு விலை சரிந்தது. 2025 நவம்பரில் மறுபடியும் 30 சதவிகித வரி!

வரியை இப்படி ஏற்றி இறக்குவது சர்க்காரின் உரிமை. விலையைப் பார்த்துச் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் சோதனை வேறு, வரி வேறு. பருப்பு விலை 200 ரூபாய் விற்றாலும் 80 ரூபாய் விற்றாலும் வண்டு வண்டுதான். பூசணம் பூசணம்தான். வரி வாசலைத் திறக்கும்போது மற்ற இரண்டு வாசலும் சேர்ந்து திறந்துகொள்ளக் கூடாது. புகைச் சண்டையில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

வியாபாரிகள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கண்டெய்னரில் சுமார் 24 டன் பருப்பு இருக்கும். அது துறைமுகத்தில் முடங்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது. "டெமரேஜ்" என்று சொல்வார்கள். அந்தச் செலவு வியாபாரியின் தலையில் நிற்பதில்லை. கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று அடுக்களைக்கு வந்துவிடுகிறது. மழைக்காலமாக இருந்தால் தாமதத்திலேயே சரக்கு ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். சோதனை கடுமையாக இருப்பதோடு சீக்கிரமாகவும் நடந்தால்தான் பிரயோசனம். அதனால் எல்லாச் சரக்கிலும் இப்போது மாதிரி எடுப்பதில்லை. ஆபத்து அதிகம் என்று தோன்றும் சரக்கைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கிறது. நாடு எது, சரக்கு எது, இறக்குமதி செய்தவரின் பழைய நடத்தை எப்படி என்பதெல்லாம் அதில் கணக்கு.

யோசனை நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஆபத்தைத்தான் கம்ப்யூட்டர் பொறுக்கும். கிளைபோசேட்டை 2018க்கு முன்னால் அது பொறுக்கியிருக்க முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பாக்கெட் வாங்கினால் அதில் உணவு ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதி செய்த பாக்கெட்டாக இருந்தால், கொண்டுவந்தவரின் பெயரும் விலாசமும் அதில் இருக்க வேண்டும். சில்லறையாக அளந்து வாங்கும் பருப்பில் இந்த விவரம் எதுவும் கிடைப்பதில்லை. அது எந்த நாட்டுப் பருப்பு என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பருப்பை இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசியும் மேலே ஒட்டியதும் போகும். உள்ளே ஏறிய மருந்து இதனால் முழுவதும் போகாது. அதைத் தடுக்க வேண்டிய இடம் துறைமுகம். அடுக்களை அல்ல.

2025 அக்டோபரில் மத்திய மந்திரிசபை, பருப்பில் தன்னிறைவு அடைய 11,440 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31க்குள் விளைச்சலை 350 லட்சம் டன் ஆக்க வேண்டும் என்பது குறி. அதுவரை பர்மா உளுந்து சென்னையில் இறங்கும். தூத்துக்குடியில் பருப்புக் கண்டெய்னர்கள் வரிசையாக நிற்கும். குத்தூசியோடு அதிகாரி வருவார். இரண்டு பொட்டலம் சீல் வைப்பார். ஒன்று சோதனைச்சாலைக்குப் போகும்.